இரண்டு சென்ட் புல்தரைக்கு எந்த மிஷின்?

கேள்வி: நாங்கள் கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் வழியில் இருக்கிறோம். நெய்வேலி குவார்ட்டர்ஸில் 28 வருஷம் புல்தரையும் பூச்செடியுமாக இருந்து பழகிவிட்டோம். அதனால் ஓய்வுக்குப் பிறகு கட்டிய இந்த வீட்டிலும் முன்பக்கம் கொரியன் புல் போட்டிருக்கிறோம், 30 அடிக்கு 30 அடி. பின்பக்கம் 3 சென்ட் காலியிடம். நாலு தென்னை நிற்கிறது, மழை வந்தால் களை முழங்கால் உயரம் வளர்ந்துவிடும். இதுவரை ஒரு அம்மா வந்து அரிவாளால் அறுத்துக் கொடுத்தார். அவருக்கு இப்போது முடியவில்லை, புல் கணுக்காலைத் தாண்டி நிற்கிறது. கடையில் கேட்டால் பெட்ரோல் மிஷின்தான் உழைக்கும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிரஷ் கட்டர் வாங்கினால் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகன் பேட்டரி மிஷின் வாங்கி வருகிறேன் என்கிறான். என் கணவருக்கு 66 வயது, ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆனாலும் தன் கையால்தான் புல் வெட்ட வேண்டும் என்கிறார். 20,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். எதை வாங்குவது?
வாசகி, கடலூர்

பதில்:

வணக்கம் அம்மா. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கப் புல்லுக்கு ஒயர் போட்டு ஓட்டும் மின்சார மிஷின் வாங்குங்கள். வெட்டும் அகலம் 12 அல்லது 13 இன்ச் போதும், உடம்பு பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பின்பக்கத்துக்கு மிஷினே வாங்காதீர்கள். தோளில் மாட்டி ஓட்டும் களைவெட்டியான பிரஷ் கட்டர் வைத்திருக்கும் ஆளை வருஷத்துக்கு மூன்று தடவை கூப்பிட்டால் போதும்.

ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது, சார் தன் கையால் வெட்ட ஆசைப்படுகிறார் என்ற வரிதான். புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கமும் 22 வருஷமாகத் தோட்டப் பராமரிப்பும் மிஷின் பழுதும் பார்க்கிறேன். என் பட்டறைக்கு வரும் மிஷின்களில் ஓட்டி ஓட்டித் தேய்ந்து வருபவை கொஞ்சம்தான். வீட்டில் யாராலும் தள்ள முடியாமல், கார் ஷெட் ஓரத்தில் நின்றே துருப்பிடித்து வருபவைதான் நிறைய. சார் சந்தோஷமாகத் தள்ளுகிற மிஷின் எதுவோ அதுதான் உங்கள் வீட்டுக்கு நல்ல மிஷின்.

30-க்கு 30 என்றால் 900 சதுர அடி, இரண்டு சென்ட்டை விடக் கொஞ்சம் கூட. இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசை வெட்டி முடித்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது, நடுவில் மீசை மாதிரி புல் நிற்காமல் இருக்க 2 இன்ச்சாவது பழைய வரிசை மேல் ஏற்றி ஓட்ட வேண்டும். அப்படியானால் 12 இன்ச் மிஷின் உண்மையில் 10 இன்ச்தான் வெட்டும். உங்கள் புல்தரையை முடிக்க சார் சுமார் 330 மீட்டர் நடக்க வேண்டும். கடையில் காட்டும் 18 இன்ச் பெட்ரோல் மிஷின் என்றால் சுமார் 205 மீட்டர். மிச்சமாவது 125 மீட்டர் நடை, அதாவது இரண்டு மூன்று நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்காக 30 கிலோவை ஒட்டிய எடையை ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்ப வேண்டும். நேராகத் தள்ளும்போது அந்த எடை தெரியாது. சுற்றுச்சுவர் ஓரம் வந்து முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பும்போதுதான் முழங்காலில் ஏறும். சின்ன மின்சார மிஷின் 10 கிலோ அளவில்தான் இருக்கும். படி இறக்கவும் ஏற்றவும் உங்களாலேயே முடியும்.

பெட்ரோல் மிஷினை நான் குறை சொல்லவில்லை. அரை ஏக்கர் புல்தரை உள்ள விடுதி, பள்ளிக்கூட மைதானம் என்றால் அதையேதான் நானும் சொல்வேன். ஆனால் அது வாரா வாரம் ஓட வேண்டிய பொருள். இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஒரு மாதம் ஓட்டாமல் டேங்க்கில் பெட்ரோலை விட்டு வைத்தால் கார்புரேட்டருக்குள் பிசின் மாதிரி படிந்து அடைத்துவிடும், அடுத்த தடவை கயிற்றை எத்தனை இழுப்பு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆயில் பார்க்க வேண்டும், ஃபில்டர் துடைக்க வேண்டும், நிறுத்தி வைக்கும் முன் பெட்ரோலை வடிக்க வேண்டும். தொள்ளாயிரம் சதுர அடிக்கு இத்தனை வேலை எதற்கு?

தம்பி கொண்டு வருகிறேன் என்கிற பேட்டரி மிஷினைப் பற்றி. பிள்ளை ஆசையாகச் சொல்வதை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் அங்கிருந்து வேண்டாம் அம்மா. அமெரிக்காவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. சார்ஜர் இங்கே ஒத்துக்கொள்கிறதா என்று அதன் மேலேயே எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும், பலது ஒத்துக்கொள்ளாது. அடுத்து, விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி கொண்டு வரவே முடியாது. 100-க்கும் 160-க்கும் நடுவில் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். புல் வெட்டும் மிஷினில் வருவது பெரிய பேட்டரி. 36 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 180 வாட்-அவர். அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எல்லாம் தாண்டி வந்தாலும், நாலைந்து வருஷம் கழித்துப் பேட்டரி தளரும்போது அதே மாடல் இங்கே கிடைக்க வேண்டுமே.

இங்கேயே கிடைக்கும் பேட்டரி மிஷின் வேண்டுமானால் வாங்கலாம், ஒயர் தொல்லை இல்லை. ஆனால் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போகும். உங்கள் 20,000-க்குள் வருவது பெரும்பாலும் சின்ன பேட்டரியாக இருக்கும். கொரியன் புல் அடர்த்தியான புல், மெலிந்த மோட்டார் அதில் திணறும். ஒரு சூட்சுமமும் சொல்லி வைக்கிறேன், யார் வாங்கினாலும் உதவும்: பெட்டி மேல் 20 வோல்ட் என்று போட்டிருப்பதும் 18 வோல்ட் என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் ஒரே பேட்டரிதான். முழுதாகச் சார்ஜ் ஏறிய நிமிஷத்தில் காட்டுவது 20, ஓடும்போது இருப்பது 18. எண் பெரியது என்று கூடுதல் பணம் கொடுத்துவிட வேண்டாம்.

கரண்ட்டே வேண்டாத கைத்தள்ளு மிஷினும் உண்டு. உருளையில் ஐந்தாறு கத்தி சுழன்று, கீழே இருக்கும் தகட்டோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும். 1830-ல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் முதலில் செய்த புல்வெட்டி இந்த ரகம்தான். மில்லில் கம்பளித் துணி மேல் நிற்கும் பிசிறைச் சீவுகிற மிஷினைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. என் அப்பா புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளி. இதை அவரிடம் சொன்னபோது, அவருக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெகிழ்கிறது. அருகம்புல் தரைக்கு, அதுவும் தரை சமமாக இருந்தால், அந்த மிஷினைப் போல் சுத்தமாக எதுவும் வெட்டாது. ஆனால் கொரியன் புல்லின் தாள் முரடு, மெத்தை மாதிரி மேடு மேடாகவும் எழும்பும். அதில் கைத்தள்ளு மிஷினைத் தள்ள முழு உடம்பையும் கொடுக்க வேண்டும். தென்னை ஈர்க்கு ஒன்று குறுக்கே மாட்டினாலும் உருளை சட்டென்று நின்று, கைப்பிடி வயிற்றில் வந்து இடிக்கும். சாரின் முழங்காலுக்கு இது ஆகாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பிரஷ் கட்டர் நல்ல கருவிதான், ஆனால் புல்தரைக் கருவி அல்ல. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் மரத்தடி சுத்தம் செய்ய அது இல்லாமல் முடியாது. வீட்டுப் புல்லில் அதை ஓட்டினால் கை ஏறி இறங்குவதற்கு ஏற்ற மாதிரி ஒரு இடத்தில் மண் தெரியும், ஒரு இடத்தில் புல் நிற்கும், சரியாக சவரம் செய்யாத கன்னம் மாதிரி. தோளில் மாட்டிக்கொண்டு அதிர்வைத் தாங்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் பெட்ரோலில் ஆயிலை அளவாகக் கலக்க வேண்டும், அளவு தப்பினால் எஞ்சின் போச்சு. பின்பக்கத்துக்குப் பழகிய ஆள் வரட்டும். ஆடியில் ஒரு தடவை, மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு தடவை, மழை ஓய்ந்து தையில் ஒரு தடவை. வருகிறவரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முதலில் ஒரு குச்சியால் களையைத் தட்டிவிட்டு இறங்கச் சொல்லுங்கள், மழைக்காலத்துக் களையில் பாம்பு படுத்திருக்கும். இளங்கன்று எதுவும் நட்டிருந்தால் அதைச் சுற்றி ஓரடிக்குக் கையால் பிடுங்கச் சொல்லுங்கள். பிரஷ் கட்டரில் சுழலும் நைலான் நரம்பு பட்டையைச் சுற்றிச் சீவிவிட்டால் கன்று வெளியே நன்றாகத் தெரியும், ஆனால் ஒரு மாதத்தில் காய்ந்துவிடும். மாங்கன்றுகள் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மின்சார மிஷின் வாங்கப் போகும்போது சாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கைப்பிடியை அவர் பிடித்துப் பார்க்கட்டும், இடுப்பு உயரத்துக்குச் சரியாக வர வேண்டும், குனிந்து தள்ளக் கூடாது. கையை விட்டதும் மோட்டார் நிற்கும் லீவர் இருக்கிறதா பாருங்கள், அது இல்லாத மிஷினைத் தொடவே வேண்டாம். வெட்டும் உயரத்தை மாற்றும் வசதி இருக்க வேண்டும், ஒன்றரை இன்ச்சும் இரண்டு இன்ச்சும் அதில் வர வேண்டும். தகர உடம்பு பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் கடலுக்கு இத்தனை பக்கத்தில் இரண்டு மழைக்காலத்தில் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உரியும். அதனால்தான் பிளாஸ்டிக் உடம்பு என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பில் போடும் முன்பே ஒரு ஸ்பேர் பிளேடு கேளுங்கள். அன்றைக்கே கையில் எடுத்துக் கொடுக்க முடியாத கடைக்காரர் இரண்டு வருஷம் கழித்தும் கொடுக்கப் போவதில்லை. இந்த அளவு மிஷின் பத்தாயிரத்தை ஒட்டியே கிடைக்கும், கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

மீதிப் பணத்தை எலக்ட்ரீஷியனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 1,200 வாட் மிஷின் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை அயர்ன் பாக்ஸ் சொருகும் சின்ன பாயின்ட்டில் போடாமல், மோட்டார், கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றை வாசல் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மிஷினுக்கு முன்னால் அதைத்தான் வாங்க வேண்டும். ஒயர் வெட்டுப்பட்டு ஈரப் புல்லில் கால் வைத்தால், கண் இமைக்கும் நேரத்தில் கரண்ட்டை நிறுத்தி ஆளைக் காப்பாற்றுவது அதுதான். எக்ஸ்டென்ஷன் ஒயர் மூன்று கம்பி உள்ளதாக, 1.5 சதுர மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். கல்யாண வீட்டில் சீரியல் லைட்டுக்கு இழுக்கும் மெல்லிய ஒயர் சூடேறும், மோட்டாரும் சோர்ந்து ஓடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று நினைக்காதீர்கள், புல் மறுநாள் வரை காத்திருக்கும். இன்வெர்ட்டரில் மட்டும் சொருகிவிட வேண்டாம்.

ஒயரைப் பற்றிய பயம் எல்லாருக்கும் இருக்கிறது, நியாயமான பயம்தான். பாயின்ட் இருக்கும் பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்து, வரிசை வரிசையாக விலகிப் போக வேண்டும். ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கம் கிடக்க வேண்டும், ஒரு மடிப்பைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை செய்தால் கைக்கு வந்துவிடும்.

வெட்டும் முன் தரையைப் பெருக்குவதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது உங்கள் ஊரும் எங்கள் ஊரும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அடுத்த மார்ச் மாதம் லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று பெருக்காமல் இறங்கிவிட்டேன். நடுவில் டணார் என்று ஒரு சத்தம். மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தால், வராண்டா மரக்கதவின் அடிப்பக்கம் சிமென்ட் ஷீட் கூரையில் மாட்டும் ஜே போல்ட் ஒன்று பாதி ஏறி நிற்கிறது. எந்தக் கூரையிலிருந்து பறந்து வந்து புல்லுக்குள் புதைந்திருந்ததோ. அந்த வீட்டுக் குழந்தை பத்து நிமிஷம் முன்பு வரை அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். பிளேடு நிமிஷத்துக்கு 3,000 சுற்று அளவில் சுற்றுகிறது, அதில் பட்ட எதுவும் தோட்டா மாதிரிதான். அன்றிலிருந்து ஒரு வீட்டிலும் பெருக்காமல் நான் மிஷினை இறக்கியதில்லை. உங்கள் வீட்டில் தென்னை பின்பக்கம் என்றாலும் குரும்பை உருண்டு முன்னால் வரும், காற்றில் மட்டைத்துண்டு வரும், கடல் மணல் கொட்டியிருந்தால் சிப்பியும் இருக்கும். சார் செருப்போடு இறங்க வேண்டாம், விரலை மூடிய ஷூ போடட்டும். அடியில் புல் அடைத்துக்கொண்டால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கையை விட வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது.

பிளேடு மழுங்கியதைப் புல்லே சொல்லிவிடும். வெட்டி இரண்டு நாள் கழித்து ஒரு தாளைக் கிள்ளி எடுத்து, நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் பிளேடு கூர்மை. பல் துலக்கிய வேப்பங்குச்சி மாதிரி நார் நாராகப் பிரிந்து பழுப்பேறியிருந்தால், பிளேடு புல்லை வெட்டவில்லை, அடித்துக் கிழித்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தரையே தண்ணீர் காணாத மாதிரி வெளிறித் தெரியும். நிறைய பேர் அதைப் பார்த்துவிட்டு உரம் போடுகிறார்கள். தேவை உரமல்ல, ஒரு அரம். கழற்றி அரத்தால் தேய்க்கலாம், சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாம். திரும்பி வந்ததும் பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். தராசு மாதிரி கிடையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் நடுங்கி மோட்டார் பேரிங் போய்விடும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிளேடு மேலும் போல்ட் தலை மேலும் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவி வையுங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அதுவே போதும். தண்ணீர் பைப்பைப் பிடித்துக் கழுவக் கூடாது, உள்ளே மோட்டார் இருக்கிறது.

மிஷின் வருவதற்குள் ஒரு வேலை. புல்தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், பள்ளங்கள் காலுக்குத் தெரியும். அங்கெல்லாம் சலித்த ஆற்று மணலைப் புல் நுனி மூடாத அளவு தூவித் தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். புல் அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். தரை சமமானால் மேட்டில் பிளேடு மொட்டையடிக்காது.

இப்போது கணுக்காலைத் தாண்டி நிற்கும் புல்லை ஒரே நாளில் ஒன்றரை இன்ச்சுக்கு இறக்கிவிட வேண்டாம். எந்தத் தடவையும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் எடுத்தால் அடியில் வெயில் படாமல் வெளுத்துக் கிடக்கும் தண்டுதான் மிஞ்சும், வாரக்கணக்கில் பச்சை திரும்பாது. முதல் வெட்டுக்கு, வெட்டும் உயரத்தை மாற்றும் லீவரை ஆக உயரத்தில் வையுங்கள். அதிலும் மிஷின் திணறினால் நுனியை மட்டும் அரிவாளால் சீவிக்கொண்டு பிறகு ஓட்டுங்கள். ஒரு வாரம் விட்டு ஒரு படி இறக்குங்கள், இன்னொரு வாரம் விட்டு இன்னொரு படி. ஒன்றரை இன்ச்சுக்கு வந்த பிறகு, இரண்டேகால் இன்ச் வளரும்போதெல்லாம் வெட்டினால் கணக்கு சரியாக இருக்கும். மழைக்காலத்தில் அது வாரத்துக்கு ஒரு தடவை வரலாம், ஆனால் புல் ஈரமாக இருக்கும் நாளில் வேண்டாம், வெயில் அடித்துக் காயட்டும். சித்திரை, வைகாசியில் இரண்டு இன்ச்சாகவே விடுங்கள், வேர் வேகாது. முதல் மூன்று வெட்டிலும் நிறையப் புல் சேரும். மிஷினில் புல் சேரும் பெட்டி நிறைய நிறைய எடுத்துப் போய் அந்த நாலு தென்னம்பாத்தியிலும் மெல்லியதாகப் பரப்புங்கள், குவிக்க வேண்டாம், குவித்தால் புழுங்கி நாறும்.